பண்பாட்டு இரைச்சல்

கொக்குவிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான்
பனிக்கண்டத்தைத் திறப்பேன்.
காதால் கேட்கிற வேலை இல்லை, கண்ணால் பார்க்கிற கோடுகள்தான்.
ஆனாலும் நிறுத்துவேன்.

அங்கே உறைபனிக்குள் இரண்டு மீற்றர் ஆழத்தில்
நிலநடுக்கமானி ஒன்றைப் புதைத்திருக்கிறார்கள்.
எங்கோ ஒரு பாறைத்தட்டு அசைவது அதற்குக் கேட்க வேண்டும்.
கேட்பதெல்லாம் வேறு.
காற்று. டீசல் ஜெனரேற்றர். குளிர் இறுகும்போது
பனி தன்பாட்டில் வெடிக்கிற வெடி.
அதையெல்லாம் களைவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மார்ச்சில் எழுதினேன்:
கொடிக்கம்பத்தைத் தள்ளி நடுங்கள், கயிறு அடிக்கிறது.
எப்படித் தெரியும் என்று எய்னார் கேட்டான்.
எங்கள் தகரக் கூரையில் காவோலை உரசினாலும்
இப்படித்தான் இருக்கும் என்று எழுதவில்லை.
அதிர்வெண்ணை மட்டும் அனுப்பினேன்.

இங்கே சோளகம் தொடங்கிய கிழமை
அங்கே கடல் உறைந்தது.
உலகத்தில் எந்த வளவைத் தோண்டிக் கருவி வைத்தாலும்
அகப்படுகிற அலையின் முணுமுணுப்பு
கொஞ்சம் கொஞ்சமாய்த் தணிந்தது.
அதற்குப் பிறகுதான் இது தெரிந்தது:

அவர்களின் நேரம் இரவு இரண்டு ஐம்பது.
முப்பத்தெட்டு அடி. நிற்கும்.
திரும்பி முப்பத்தெட்டு.
நாற்பது நிமிடம், ஒவ்வொரு நாளும்.

ஆரோ ஒருவருக்கு நித்திரை இல்லை.

மனிதர் எழுப்பும் சத்தத்துக்கு எங்கள் துறையில் வைத்த பெயர்
பண்பாட்டு இரைச்சல்.
யாழ்தேவி, மினிபஸ், கோயில் வெடி,
பக்கத்து வளவில் செல்வநாதர் இறைக்கிற மோட்டர்,
எல்லாம் அதற்குள் அடக்கம்.
எய்னாரிடம் கேட்கவில்லை.
கேட்டால் காட்டிக்கொடுத்ததாகிவிடும்.
வெட்டினேன்.

ஜூன் பதினொன்று, அடி இல்லை.
பன்னிரண்டிலும் இல்லை.
பதின்மூன்று: நிலையம் தொடங்கியதிலிருந்து
இவ்வளவு சுத்தமான பதிவு வந்ததே இல்லையென்று
ஒஸ்லோவிலிருந்து பாராட்டு.
நன்றி என்று போட்டுவிட்டு
கோட்டைப் பெருப்பித்துப் பார்த்தேன்.
இன்னும் பெருப்பித்தேன்.
கடைசி ரயில் போய், காங்கேசன்துறை வீதியும் அடங்கிவிட்டது.
திரையில் ஒரு மயிர்க்கோடு,
ஒருவரும் நடக்காத தரை.

பதினைந்து. இரண்டு ஐம்பத்தாறு.
வந்தது.
பதினேழு அடியில் நின்றது. பிறகு தொடர்ந்தது.
ஒன்றுவிட்டு ஒரு அடி
பிந்தி விழுகிறது.
வழுக்கியிருக்கும்.
சுளுக்காக இருக்கும், முறிவென்றால் இந்தக் கிழமை எழும்பியிருக்க முடியாது.

முழுவதையும் ஒருதரம் பார்த்தேன்,
திரும்பிப் போகிற அடிவரை.
பிறகு பிளேன்ரீ ஒன்று ஊற்றிக்கொண்டு வந்து
வெட்டினேன்.