கடன் சொல்

கோதுமை இறக்கி முடிந்த பிறகுதான் தெரிந்தது
கப்பலுக்கு உடையவன் இல்லையென்று.
எண்ணெய் கொடுத்தவன் வழக்குப் போட்டான்.
நீதிமன்றத்தின் தாள் ஒன்று
பாய்மரம் இல்லாத மரத்தில் ஒட்டப்பட்டது.
கோணேசர் மலைக்கு வடக்கே, நங்கூரத்தில்,
நூற்றுப் பதினோரு நாள்.

எனக்குத் தண்ணீர்க் கணக்கு.
செவ்வாயும் வெள்ளியும் லோஞ்சில் போவேன்.
எத்தனை தொன், எத்தனை மூட்டை வெங்காயம்,
யார் கையொப்பம்.
எல்லாம் கடன் பக்கத்தில்.

இரண்டாம் மாலுமி துருக்கிக்காரன், பெயர் துஞ்சாய்.
சிரித்துவிட்டேன்.
எங்கள் மொழியில் அது
'நீ உறங்கமாட்டாய்' என்றேன்.
'சம்பளம் வரும்வரை சரிதான்' என்றான்.

கச்சான் அனலாய் வீசிய ஒரு வெள்ளி
அவன் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து
நகரத்தைப் பார்த்து 'கரா' என்றான்.
கரையைத்தான் சொல்கிறான் என்று
தலையாட்டினேன்.
'தரை. அரபியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.
அதற்கு முந்திய கரா ஒன்று எங்களுடையது.
கறுப்பு.
சாவுச் செய்தி கரா, கொடுங்குளிர் கரா,
எங்கள் வடக்குக் கடலும் கரா.'

கன்சோரிக் குறுக்கே வந்தான்.
கடலே இல்லாத நாட்டிலிருந்து
கப்பலுக்கு வந்த மொங்கோலியன்.
'எங்களுக்கு அது ஹர்.
ஆனால் ஹர் தண்ணீர் அழுக்குத் தண்ணீர் இல்லை,
எதுவும் கலவாத தண்ணீர்.
பட்டம் பதவி இல்லாத மனிதன், ஹர் மனிதன்.'
அப்போது மலையில் ஒலிபெருக்கி
'அரகரா' என்றது.
'அங்கே ஏன் கறுப்பு கறுப்பு என்று கத்துகிறார்கள்?'
என்று கேட்டான்.
எனக்குப் பதில் சொல்ல ஒரு மாலை போதாது.

எஞ்சின் அறைக் கிலே
கையில் கிறீஸ் துடைத்துக்கொண்டு வந்தான்.
ஆமூர் ஆற்று நானாய்.
மாதத்துக்கு ஒரு வாக்கியம் பேசுகிறவன்.
அன்று மூன்று மாதத்துக்கானதைப் பேசினான்:
'எங்கள் கறுப்பு வேறு. சஹாரி.
என் ஆற்றுக்குப் பழைய மஞ்சுக்காரர் வைத்த பெயர்
சஹாலியன், கரிய ஆறு.
அவர்கள் ஏட்டிலும் கரா உண்டு,
குதிரைக்கும் நாய்க்கும் மட்டும்.
குதிரை விற்க வந்தவனிடம்
நிறத்தையும் சேர்த்து வாங்கியிருப்பார்கள்.'

துஞ்சாயும் கன்சோரிக்கும்
அங்கேயே பிடித்துக்கொண்டார்கள்.
ஒரே கருவில் உண்டான சொல் என்கிறான் இவன்.
பக்கத்துக் கூடாரத்தில் கைமாற்றாக வாங்கி
ஆயிரம் வருஷமாய்த் திருப்பித் தராதது என்கிறான் அவன்.
படித்தவர்களே இதில் இரண்டு கட்சியாம்.

என் பேனா அரித்தது.
கரு, கரி, கார், கரை:
என்னிடம் ஒரு மூட்டை இருக்கிறதே.
கணக்குப் புத்தகத்தின் பின்னட்டையில்
மூன்று வரிக்குக் கீழே நாலாவதாய் எழுதப் போனேன்.
கிலே தலையசைத்தான்.
'முகச்சாடை இருந்தால் உறவா?
இந்தக் கப்பலில் என்னையும் அவனையும்
அண்ணன் தம்பி என்றுதான்
உன் சுங்க அதிகாரி எழுதிவைத்திருக்கிறார்.'

எழுதவில்லை.
இந்த ஊரில்
ஒரு பெயர்ப்பலகையில் எந்தச் சொல் மேலே
எந்தச் சொல் கீழே என்பதற்காக
மனிதர்கள் அடிபட்டதைப் பார்த்தவள் நான்.
இது யாருடைய சொல் என்ற கேள்வியை
மெதுவாகத்தான் தொடுவேன்.

ஆவணியில் தீர்ப்பு வந்தது.
கப்பல் இரும்பு விலைக்குப் போனது,
பாதிச் சம்பளம், விமானச் சீட்டு.
இறங்குதுறையில் கால் வைத்ததும்
துஞ்சாய் குனிந்து சீமெந்தைத் தட்டி 'கரா' என்றான்.
'கரை' என்றேன் நான்.
திருத்தவில்லை இருவரும்.

பஸ்ஸுக்கு நேரமிருந்தது.
மூலைக் கடையில் கன்சோரிக்
பழக்கதோஷத்தில்
'ஹர் சாய்' என்று கேட்டான்.
பாலில்லாத தேநீராம்.
கடைக்கார றியாஸ் ஒன்றும் கேட்காமல்
நாலு பிளேன்டீ கொண்டுவந்து வைத்தான்.

ஒரு கணம்
நாலுபேரும் வாயடைத்துப் போனோம்.

பிறகுதான் பார்த்தேன்:
பால் சட்டி
கழுவிக் கவிழ்த்திருந்தது.