ஒன்பதாம் சிலிண்டர்

பார்னெவெல்ட். அதிகாலை நாலு பத்து.
முட்டைத் தட்டுகளைத் தள்ளும் ஒன்பதாம் சிலிண்டர்
ஒவ்வொரு முறையும் முடிவில் போய் மோதுகிறது:
டக்.
என் கடைவாய்ப் பல்லில் கேட்கிறது அது.
ஒரு வாரமாய் இப்படித்தான்.
போன திங்கள் தட்டை மாற்றினார்கள்,
இருபதுக்குப் பதில் முப்பது.
பிஸ்டனிடம் யாரும் சொல்லவில்லை.

வீட்ஸ்கே வந்தாள், காதில் பென்சில்,
கையில் சுண்டுவிரல் நீள அறுகோணச் சாவி.
"காற்று போதவில்லை என்றா நினைத்தாய்?
வெளியே போகிற வேகம்தான் அதிகம்."

மூடியோரம் ஒரு திருகு. எள்ளளவு.
அதை இறுக்க இறுக்க
வெளியேறும் வழி ஊசித்துளையாகும்;
ஓடிவரும் பிஸ்டனுக்கு முன்னால்
கடைசி இரண்டு விரற்கடையில்
போக இடமில்லாத காற்று
தலையணையாகும்.

கால் சுற்று. டக்.
இன்னொரு கால். டொப்.
மேலும் கொஞ்சம் திருக
எல்லைக்கு முன்பே தயங்கி, பின்வாங்கி,
அழைக்காத வீட்டு வாசலில் வந்தவன்போல்
நின்றது பிஸ்டன்.
"ரொம்பப் பயந்துவிட்டான்" என்று சிரித்தாள்.
மயிரிழை தளர்த்தினாள்.

பிறகு சத்தமில்லை.
சத்தமில்லை என்பதும் சரியில்லை:
பக்கத்தில் குறட்டை நின்றதும்
திடுக்கிட்டு விழிப்பவனைப் போல
எந்திரத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்தேன்.
போய்க்கொண்டுதான் இருந்தது.

தாளில் எழுத வேண்டும்: உடைந்தவை.
நேற்று நூற்றுப் பன்னிரண்டு.
அவள் வந்து போனபின், விடியும்வரை, மூன்று.
அதில் ஒன்று
அவளுக்குக் காபி நீட்டும்போது
என் முழங்கை தட்டியது.