பெரிய வியாழன், இரவு ஷிப்ட்

வின்னிபெக் ஆஸ்பத்திரி, தரைக்குக் கீழே.
இந்நேரம் கோயிலில் பாதங்களைக் கழுவிக்கொண்டிருப்பார்கள்.
எனக்கு லீவு கிடைக்கவில்லை.

முப்பத்தெட்டாவது தட்டு.
கத்தரியின் இரு கைகளும் சேரும் மூட்டில்
கடுகளவு பழுப்பு.
“மெஷின் பாஸ் சொல்லிவிட்டதே, எமி, மேலே அனுப்பு”
என்கிறான் டாரில். நல்ல பையன்தான்.

பிரிக்கிறேன். தட்டு முழுவதும்
மறுபடி முதலிலிருந்து: ஊறல், பிரஷ், நீராவி.

விடிந்தால் பெரிய வெள்ளி.
அன்றைக்கும் யாரோ வயிறு திறந்து
மயங்கிக் கிடப்பார்.
என் பெயர் அவருக்குத் தெரியாது,
எனக்கு அவர் பெயரும்.
இரண்டையும் அறிந்தவர் நீர்;
சம்பளச் சீட்டில் எமரன்சியாவை
இன்னும் தப்பாய்த்தான் எழுதுகிறார்கள்.

ஏப்ரனின் வார் அறுந்திருக்கிறது.
துண்டொன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு
தொட்டிக்குக் குனிகிறேன்.
தண்ணீர் சுடுகிறது.