இடக்கைப் பின்னல்

வின்ஷிப் கடையில் பேரேடு எழுதுகிறவன் நான்.
நாற்பத்தோராம் பக்கம் ஆசகேல் பிராட்.
பற்று: ஆணி இரண்டு ராத்தல், வெல்லப்பாகு, ரம்,
மறுபடி ரம்.
வரவு: ஓலைத் தொப்பி பதினெட்டு.

பின்னிய விரல்களில் ஒன்றுகூட அவருடையதில்லை.
ஆனாலும் பக்கத்தின் தலையில் அவர் பெயர்தான்.
மனைவியின் கூலி கணவனுக்கு,
மகளின் கூலி இருபத்தொன்று முடியும்வரை தகப்பனுக்கு.
சட்டம் அப்படி.

ஓலை கியூபாவிலிருந்து வருகிறது,
கப்பலில், பிறகு வண்டியில், பிறகு எங்கள் கல்லா மேசைக்கு.
நியூ ஹாம்ப்ஷயரின் கல்லாங்காட்டில்
உருளைக்கிழங்கு பொய்த்த வருஷமும்
பிராட் வீட்டு அடுப்படியில் தொப்பி விளைந்தது.
பையன்கள் இருவரும் ஒஹாயோவில் மண் தேடிப் போய்விட்டார்கள்.
பிரித்துக் கொடுக்க நிலமில்லாத தகப்பன்
எதைக் காட்டி மிரட்டுவார்?

தொப்பிகள் தெற்கே போகின்றன,
பருத்திக் காட்டில் குனிந்திருப்பவர்களின் தலைக்கு.
அவர்கள் பெயரும் ஏதோ ஒரு பேரேட்டில் இருக்கும்,
மாடுகளுக்கும் ஏருக்கும் நடுவில், விலையோடு.
அதை எழுதியது நானில்லை என்று
எத்தனை நாள் சொல்லிக்கொள்வது?

மார்ச்சில், பனி சேறாகிற வாரம்,
திர்சா பிராட் வந்தாள்.
"நேற்றோடு இருபத்தொன்று. எனக்கு ஒரு பக்கம் வேண்டும்."
முதலாளி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
மறுபடியும் துடைத்தார்.
அதற்குள் நான் அவள் பெயரை எழுதி
மணலும் தூவிவிட்டேன்.

மே மாதம் ஆசகேல் ரம் கேட்டார்.
உங்கள் பக்கத்தில் மிச்சமில்லையே, ஐயா.

அவர் ஜெபித்துக் கண் திறக்கும்வரை
யாரும் ரொட்டியைத் தொடாத வீடு அது.
அன்றிரவு அதே மேசையில் தொண்டையைச் செருமிக்கொண்டு
மகளிடம் அரை டாலர் கேட்டாராம்.
கடனாகத்தான், என்று சேர்த்துக்கொண்டாராம்.
கொடுத்தாள்.
விடிந்ததும் வந்து
அதை என்னிடம் எழுதச் சொன்னாள்.

கெசியாவுக்குப் பக்கம் கிடையாது.
கணவன் மூச்சுவிடும்வரை
எந்தப் பிறந்தநாளும் அவளுக்கு அதைத் தராது.

ஆனால் இப்போதெல்லாம்
ஆசகேல் கணக்கில் வாரம் நாலே தொப்பி,
திர்சா கணக்கில் இருபது.
"அம்மாவுக்குக் கண் மங்குகிறது" என்கிறாள்,
என் கண்ணைப் பார்க்காமல்.

அடுக்கைப் பிரித்து எண்ணுவது என் வேலை.
திர்சாவின் பின்னல் வலம் சாயும்.
இருபதில் பதினொன்று இடம் சாய்கிறது.
கெசியா இடக்கைக்காரி;
தேவாலயத்தில் பாட்டுப் புத்தகம் புரட்டும்போது பார்த்திருக்கிறேன்.

முதலாளி தோளுக்குப் பின்னால் நின்றார்.
"எல்லாம் ஒரே கையா?"

ஒரே கைதான் என்றேன்.
இருபது என்று எழுதினேன்.