ரசீது எண் 27

கோத்தகிரியிலிருந்து ஏழு மணி பஸ்.
மடியில் அட்டை கிழிந்த பாடப்புத்தகம்.
பத்து மணிக்குக் காந்திபுரத்தில் பரீட்சை,
நிதி திரட்டுவோருக்கான சான்றிதழ்.
கட்டணம் பதினெட்டாயிரம்,
என் சீட்டுப் பணம்.

"கை நீட்டுறதுக்கும் பரீட்சையா, ஜெபசீலி?"
கமிட்டிக் கூட்டத்தில், வடைக்கும் டீக்கும் நடுவே
பொருளாளர் ஹாலன் கேட்டார்.
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும்தான்.
காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கு
நாற்பது கருவிகளும் ஒரு வேனும்
இந்தக் கை நீட்டித்தான் வந்தன.

குஞ்சப்பனைக்கு மேலே
பலாப்பழ வாசனை தொடங்கும் வளைவில்
ராத்திரி மழைக்கு விழுந்த கற்பூர மரம்
ரோட்டை அடைத்துக் கிடந்தது.
தீயணைப்பு வண்டி கட்டபெட்டில்
வேறொரு மரத்தோடு மல்லுக்கட்டுகிறதாம்.
பக்கத்துத் தோட்டத்து மெஷின் ரம்பக்காரர்
ஆயிரத்து எழுநூறு கேட்டார்.

கண்டக்டர் பையை விரித்து
"ஆளுக்குக் கொஞ்சம் போடுங்க" என்றார்.
சட்டென்று எல்லோருக்கும்
ஜன்னலுக்கு வெளியே ஏதோ தெரிந்தது.

கொஞ்சம் என்பது ஒரு தொகை அல்ல.
மூன்றாம் பாடம்.
எழுந்து நின்றேன், கால் நடுங்கத்தான்.
முப்பத்து நான்கு பேர், ஆளுக்கு ஐம்பது.
பணம் என்னிடம் இருக்காது,
முன் சீட்டு நர்சம்மாவிடம் இருக்கும்.
மிஞ்சினால் திரும்பி வரும்.
புத்தகத்தின் கடைசி வெற்றுத் தாள்களைக் கிழித்து
எண் போட்டு, கையெழுத்துப் போட்டு
ஆளுக்கொரு துண்டு.
"அம்பது ரூபாய்க்கு ரசீதாம்மா!" என்றார்
கேரட் மூட்டை மேல் உட்கார்ந்திருந்த
மங்கி குல்லாக்காரர்.
ஆனாலும் அதை மடித்து
சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ரம்பம் அலறி ஓய்ந்தது.
கிளைகள் விறகுக்குப் போதும் என்று
முந்நூற்று நாற்பதைக் குறைத்துக்கொண்டார் ரம்பக்காரர்.
தலைக்குப் பத்து.
கொண்டை ஊசி வளைவுகளில்
கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே
ஒவ்வொருவராகக் கொடுத்து வந்தேன்.
இருபத்தேழாம் எண்
சோதனைச் சாவடியிலேயே
மூட்டையோடு இறங்கியிருந்தார்.

காந்திபுரத்தில் மணி பத்து இருபத்தைந்து.
காவலாளி நல்ல மனிதர்,
தண்ணீர் கொடுத்தார்.
கேட்டைத் திறக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து, இன்னொரு சீட்டெடுத்து,
எழுதினேன். தேறினேன்.
சம்பளம் அப்படியேதான் இருக்கிறது.

போன மாதம் ஒரு டீ ஃபேக்டரி முதலாளி
இரண்டு லட்சத்தை மேஜையில் வைத்து
ஐந்துக்கு ரசீது கேட்டார்.
"பத்து பர்சென்ட் உனக்கு."
முன்பென்றால் தரையைப் பார்த்து,
கமிட்டியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருப்பேன்.
இந்த முறை சுவரைக் காட்டினேன்.
"வாங்கினா அதைக் கழற்றிடணும் சார்."
கண்ணாடி மாட்டிக் கடைசி வரி வரை படித்தார்.
பணத்தை எடுத்துக்கொண்டு போனார்.

ஹாலன் இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள்
வேன் டயர் வாங்கிய பில்லைக் கொண்டுவந்து
"சரியா எழுதியிருக்கேனா பாரு" என்றார்.

டிராயரில் ஒரு கவர்.
உள்ளே ஈரம் காய்ந்த பத்து ரூபாய்.
மேலே: எண் 27, கேரட் மூட்டை,
மங்கி குல்லா, பாக்கி.

குஞ்சப்பனைச் சாவடியில் பஸ் நிற்கும்போதெல்லாம்
ஜன்னல் பக்கம் நகர்ந்து
வெளியே பார்க்கிறேன்.