பன்னிரண்டு இருக்கை

தக்கலையில் காலை ஏழரைக்கு வண்டி.
அரண்மனை, கோட்டை, காடு மூன்றும் ஒரே நாளில்,
மதியச் சாப்பாடு உட்பட.
யானைக்கு உத்தரவாதம் இல்லை.
அந்தக் கடைசி வரியை நான்தான் சேர்த்தேன்,
போன மாசம் ஒருவர்
பாதிப் பணத்தைத் திருப்பிக் கேட்ட பிறகு.

கரூரிலிருந்து பதினொரு பேர்.
பன்னிரண்டாம் இருக்கையில் பைகள், ஒரு முறுக்கு டின்.
கழுத்தில் புது பைனாகுலரோடு குழந்தைவேலு.
பத்மநாபபுரத்து ஓட்டின் மேல் ஒரு காகம்;
அதை வைத்து ஃபோகஸ் பழகினார்.

நான் தொடங்கினேன்.
தமிழ்நாட்டு மண்ணில் கேரளத்து அரண்மனை.
திங்கள்கிழமை ராஜாவுக்கும் லீவு.
மூலிகை மரங்கள் சேர்த்துச் செய்த கட்டில், படுக்க ஆளில்லை.
ஆயிரம் இலை விழுந்த ஊட்டுப்புரை, ஒரு பருக்கை இல்லை.
மணிக்கூண்டு மட்டும் இன்னும் வேலைக்கு வருகிறது.
இங்கே சிரிப்பார்கள்.
ஆறு வருஷமாக
அதே இடத்தில் அதே சிரிப்பு.

பிறகு தரை.
சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளை என்பார்கள்.
முகம் தெரியும் கறுப்பு.
எல்லோரும் குனிந்து தங்களைப் பார்த்துக்கொண்டார்கள்.
தமயந்தி மட்டும் கேட்டாள்:
"இதை யாரு தொடைச்சாங்க?"

கட்டியவர் பெயர் தெரியும். வருஷம் தெரியும்.
"ஆட்கள் இருந்திருப்பாங்க" என்றேன்.
அரசு ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி பார்க்கிறவளாம்.
புறங்கையால் தரையைத் தொட்டாள்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.

உதயகிரிக் கோட்டைக்குள்
கூரை போன தேவாலயத்தில் டச்சுத் தளபதி படுத்திருக்கிறார்.
கம்பிக்கு அப்பால் புள்ளிமான்கள்.
"இது சஃபாரில சேருமா?"
"சேராது."
"அப்ப மான் எதுக்கு?"
பதில் இல்லை என்னிடம்.
ஊர்ப் பேர் புலியூர்க்குறிச்சி,
புலி பேரோடு சரி.

கீரிப்பாறை தாண்டும்வரை ரப்பர்.
வரிசை வரிசையாய், இடுப்பில் சிரட்டை கட்டிய மரங்கள்.
செக்போஸ்டில் பிளாஸ்டிக் பாட்டில்களை எண்ணி வாங்கினார்கள்.
அதன் பிறகு மழை.
காளிகேசம் வழியில் நாங்கள் கண்டது:
ஒரு மலையணில், அதுவும் வால் மட்டும்.
வழி நடுவே யானை லத்தி.
"நேத்தைக்குள்ளது" என்றேன்.
டிரைவர் ஜெஸ்டஸ் இறங்கி, குனிந்து, மெதுவாய்ச் சொன்னான்:
"இன்னைக்குள்ளதாக்கும் அக்கா."
பதினொரு பேரும் லத்தியைப் படம் எடுத்தார்கள்.
குழந்தைவேலு பைனாகுலரைத் திருப்பிப் பிடித்துப்
பார்த்தார். சின்னதாய்த் தெரிந்ததாம்.

இறங்கும்போது இருட்டிவிட்டது.
வண்டிக்குள் ஈரத் துணி வாசம், குறட்டை.
நாகர்கோவில் விடுதி வாசலில்
ஆளுக்கொரு தாள் கொடுத்தேன்:
சாப்பாடு எப்படி, வண்டி எப்படி, பார்த்த விலங்குகள்.
பத்துப் பேர் அணில் என்று எழுதினார்கள்.
தமயந்தி அந்த இடத்தை விட்டுவிட்டிருந்தாள்.

"ஏன் எழுதல?"
"அந்தத் தரைங்க" என்றாள். "எந்திரிச்சு நின்னுச்சு."
எங்கே?
"ஈத்தைப் புதர் ஓரம். ஈரமா, கறுப்பா,
இப்பத்தான் யாரோ தொடைச்சு விட்ட மாதிரி.
வண்டி வெளிச்சம் அது மேல போச்சு.
மூச்சு விட்டுச்சுங்க."

ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்றேன்.
ஆறு வருஷத்தில்
நான் மூன்று தரம் பார்த்திருக்கிறேன், அதில் ஒன்று காது மட்டும்.

"எல்லாரும் தூங்கிட்டு இருந்தாங்க.
வார்டுல எழுப்ப மாட்டோம்" என்றாள்,
முறுக்கு டின்னைத் தேடிக்கொண்டே.

ஜெஸ்டஸ் நம்பவில்லை.
ரப்பர் நிழலாக்கும் என்றான், டீசல் கணக்கு எழுதினான்.

அடுத்த செவ்வாய், மதுரைக்காரர்கள்.
கட்டில், ஊட்டுப்புரை, மணிக்கூண்டு.
தரைக்கு வந்ததும்
என் பேச்சு கொஞ்சம் நின்றுவிட்டது.
"என்னம்மா?" என்றார் ஒருவர்.
ஒன்றுமில்லை,
செருப்பு வெளியேதானே விட்டீர்கள் என்று கேட்டேன்.