மூன்றாம் சிலிண்டர்

பெட்ரோல் பங்க் தாண்டிய ஏற்றத்தில்,
மூன்றாவது கியரில், நாலாயிரம் சுற்றில்
இருமியது வண்டி.
மைனஸ் பதினெட்டு. யெல்லிவாரேயில் எல்லாமே இருமும்,
குளிர் என்று விட்டிருப்பேன்.
ஆனால் இது காற்று கூடும்போது மட்டும் இருமியது:
டர்போ மூச்சிழுத்து
ஒன்று புள்ளி நான்கு பாருக்கு அமுக்கும் நொடியில்
பொறி
ஊதி அணைத்த தீக்குச்சியாய்ப் போய்விடுகிறது.

கடையில் ஸ்டூரே ஒரு பெட்டியை முன்னால் தள்ளினான்.
"இரிடியம். லட்சம் கிலோமீட்டர். போட்டுவிட்டு மறந்துவிடலாம்."
மறப்பதற்கா தொண்ணூற்றாறாம் வருடச் சாப் வாங்கினேன்?
நிக்கல் கொடு என்றேன், ஒரு படி குளிர்ந்ததாய்.
"எட்டாம் எண்ணா? பால் வாங்கப் போய்வந்தே கரி பிடிக்கும், சீவ்."
பிடிக்கட்டும்.
சூட்டை உள்ளேயே வைத்துக்கொண்டு சிவக்கிற பிளக் வேண்டாம்,
வந்த சூட்டை வந்த வேகத்தில் கைமாற்றிவிடுவது வேண்டும்.
ஆட்களிலும் உனக்கு அப்படித்தான் என்று
அவன் சொல்லவில்லை; முகம் சொன்னது.

சுரங்கத்தில் இரவுப் பணி முடிந்து,
காதுமடலில் தாதுத்தூசி இருக்க,
கராஜில் விளக்கைத் தொங்கவிட்டேன்.
முதல் வேலை ஒன்றும் செய்யாமல் இருப்பது.
அலுமினியத் தலை ஆறுமுன் திருகினால்
மரையும் சேர்ந்து வந்துவிடும்.
இரண்டு காபி. நேற்றைய பன்.
பிறகு அந்தச் சிவப்புக் காசெட்டைக்
கவிழ்க்காமல், தளும்பும் சட்டியை ஏந்துவதுபோல்
தூக்கி வைத்தேன். கீழே நான்கு கிணறுகள்.

முதலாவது: பீங்கான் பிஸ்கட் நிறம்.
இரண்டாவதும் பிஸ்கட்.
ஏனோ நாலாவதை முந்தி எடுத்தேன். அதுவும் சரி.
மூன்றாவது
எலும்பாய் வெளுத்திருந்தது.
பூதக்கண்ணாடிக்கடியில்
மிளகுத்தூள் சிதறியதுபோல் புள்ளிகள்.
மிளகு மின்னாது.
இவை மின்னின.
என் பிஸ்டன், இம்மி இம்மியாய்,
என்னிடம் சொல்லாமல் வெளியேறிக்கொண்டிருக்கிறது.

டியூன் ஓர்யானுடையது.
பானெட்மேல் மடிக்கணினி வைத்து
"முந்நூற்றுப் பத்துக் குதிரை, பத்திரமாய்" என்றான் செப்டம்பரில்.
பொறியை எத்தனை டிகிரி முந்தவிட்டாய் என்றேன்;
ஆற்றில் பிடித்த மீனின் நீளத்தைச் சொன்னான்.

காலை ஐந்தே முக்காலுக்கு அழைத்தேன்.
எத்தனை டிகிரி?
தூக்கத்தில் பொய்க்கு நேரமாகும்.
"நாலு கூட... முந்நூறைத் தாண்டவேண்டாமா?"
யாருக்கு, என்றேன்.
மறுமுனையில் அவன் நாய் குரைத்தது. அவன் இல்லை.

புதியவற்றைப் பிரித்தேன்.
பெட்டியில் போட்டிருக்கும் இடைவெளி
டர்போவை முறுக்காதவர்களுக்கானது.
எனக்குப் புள்ளி ஏழைந்து.
வளைமுனையைத் தட்டு; தகட்டைச் செருகு; கூடுதல். மறுபடி.
இரண்டு இரும்புக்கு நடுவே தகடு
தயங்கி, உரசி, போகவேண்டும்.
தயங்காமல் போனால் தப்பு, நின்றுவிட்டாலும் தப்பு.
மூன்றாவதற்கு மூன்று முறை அளந்தேன்,
அது செய்த குற்றம் ஒன்றுமில்லை என்றாலும்.

பழைய ரப்பர்க் குழாய்த் துண்டில் பிளக்கைச் சொருகிக்
கிணற்றில் இறக்கி விரலால் திருகினேன்.
மரை பிசகினால் ரப்பர் வழுக்கிச் சொல்லிவிடும்;
இரும்பு சொல்லாது, கடிக்கும்.
பிறகு டார்க் ரெஞ்ச், இருபத்தெட்டு.
க்ளிக். க்ளிக்.
க்ளிக் (மூச்சை நிறுத்தியிருந்தேன்).
க்ளிக்.

ஏழு மணிக்கு ஓர்யான் வந்தான், பூட்ஸில் பனியோடு.
பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தான்.
எதுவும் பேசாமல் நாலு டிகிரியையும் எடுத்தான்,
காற்றையும் கொஞ்சம்.
"இருநூற்று எண்பது," என்றான்,
இழவு வீட்டுக் குரலில்.

அதே ஏற்றம். அதே கியர்.
ஊசி ஒன்று புள்ளி இரண்டில் நின்று
நின்றபடியே தள்ளியது. இருமல் இல்லை.
பக்கத்து இருக்கையில் அவன் கைப்பிடியைப் பற்றியிருந்தான்,
குறைந்த குதிரைகளைத் தேடுகிறவன்போல்.

பழைய நான்கும் முட்டை அட்டையில், எண் எழுதி.
போகும்போது மூன்றாவதை மட்டும் கேட்டான்.
தரவில்லை.
அதில் ஒட்டியிருப்பது என் பிஸ்டன்.